பயந்துகொண்டே செய்தவர்

மலேசியாவின் சிரம்பானில், தெமியாங் பக்கம், ஒரு கடைவரிசையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது அந்த டயாலிசிஸ் மையம். நான் முதன்முதலாக அங்கே போன அன்று, எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஓர் ஆண்குரல் அலறியது.

“அய்யோ அம்மா! எனக்குப் பயமா இருக்கே! மிஸ்ஸி, கொஞ்சம் பொறுங்கலா... சரி, குத்துங்க. அய்யோ!”

நான் சட்டென்று கீழே இறங்கிவிட்டேன். என் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே யாரையோ அறுக்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆனால் என்னை உலுக்கியது அந்த அலறல் மட்டுமல்ல. அந்தக் குரல் எனக்குத் தெரியும். கோலா பிலா சாலையில் இருந்த எங்கள் தோட்டத்தில், எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, இதே குரல் இதே சொற்களைச் சொல்லிக் கத்தியதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். நடுவில் ஏறக்குறைய முப்பது வருடங்கள் போய்விட்டன.

உள்ளே போனேன். பெரிய ஆள். நரைத்த மீசை. சாய்வு நாற்காலி கொள்ளாத உடம்பு. இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள் ஏறி, குழாய்களில் ரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. அந்த முகத்தோடே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“புதுசா தங்கச்சி? பயமா இருக்கா?”

“இல்ல” என்றேன்.

“இல்லையா?” என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். “எனக்கு ஏழு வருஷமா பயமா இருக்கு.”

அவருக்குப் பக்கத்து நாற்காலியைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி. பகல் பன்னிரண்டரைக்கு ஏறினால் நான்கு மணி நேரம். கையில் ஊசி ஏறியபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் மலாய்க்கார நர்ஸ் என் தோளைத் தட்டி, “பகுஸ், ரொம்ப நல்ல பேஷண்ட்” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பக்கத்திலிருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ யாரு மகள்?” என்று கேட்டார்.

அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்கு ஒரு நொடிதான் பிடித்தது. “பாம்பு!” என்று கத்திவிட்டார். எதிர் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த சீனக் கிழவர் திடுக்கிட்டு எழுந்தார்.

அவர் அப்போது எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக் குலையை அறுத்து வீழ்த்த வேண்டும். தோட்டத்தில் அவரைவிடப் பலசாலி கிடையாது. அவரைவிட அதிகமாகப் பயப்படுகிறவரும் கிடையாது. இடிக்குப் பயம், துரைக்குப் பயம், நாய்க்குப் பயம். இதில் ஒன்றையும் அவர் மறைத்ததில்லை. காலைப் பெரட்டில் மேற்பார்வையாளர் பேர் கூப்பிடும்போதே, “இன்னிக்குப் பள்ளத்துப் பக்கமா மண்டோர்? அங்க எனக்குப் பயமாச்சே” என்று எல்லார் முன்னாலும் சொல்வாராம். சொல்லிவிட்டு முதல் ஆளாகப் பள்ளத்தில் இறங்குவாராம். தோட்டம் முழுக்க அவருக்குப் பயந்தாங்கொள்ளி என்றுதான் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

அம்மா உதிரிப்பழம் பொறுக்குகிறவள். ஒரு பள்ளி விடுமுறையில் நானும் அம்மாவோடு காட்டுக்குப் போயிருந்தேன். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலின் பக்கம் அம்மா குந்தியிருந்தாள். குவியலுக்குள்ளிருந்து நாகம் ஒன்று எழுந்தது. அம்மாவின் முகத்துக்கு நேராகப் படம் விரித்து நின்றது. அம்மாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் கூட இருக்காது.

சுற்றி நான்கு ஆண்கள் நின்றார்கள். அதில் ஒருவர் என் அப்பா. அப்பாவின் கையில் கம்பு இருந்தது. “அசையாத, அசையாத” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னாரே தவிர அவரும் அசையவில்லை. நான் அப்பாவின் கால்களைப் பார்த்தேன். அவை மண்ணில் ஊன்றியதுபோல் நின்றன. எங்கள் வீட்டில் அப்பா எதற்கும் பயப்படாதவர் என்று பேர்.

அப்போதுதான் அந்த அலறல் கேட்டது. “அய்யோ அம்மா! எனக்குப் பயமா இருக்கே! எனக்குப் பாம்புன்னா ஆகாதே!” அழுதுகொண்டே, சின்னப் பிள்ளை மாதிரி ஓலமிட்டுக்கொண்டே அவர் ஓடி வந்தார். வந்த வேகத்தில் கம்பின் முனையால் பாம்பின் கழுத்தை மட்டையோடு சேர்த்து அழுத்தினார். “அக்கா, எந்திரிங்க! பின்னால போங்க! அய்யோ, சீக்கிரம் போங்க, நான் விட்டுருவேன் போலிருக்கு!” அம்மா பின்னால் உருண்டு விழுந்தாள். அவர் விடவில்லை. இன்னொருவர் வந்து அடித்துக் கொல்லும்வரை, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அலறியபடியே அழுத்திக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கால்சட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, “நனைஞ்சு போச்சு” என்று தானே சொன்னார். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பாம்பைவிட அதிர்ச்சியாக இருந்தது. அம்மா சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவரிடம் கொடுத்தாள்.

இத்தனை வருடம் கழித்து அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வாரம் மூன்று முறை அலறினார்.

உள்ளதைச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என் உடம்புக்கு வந்ததை நான் வேலை செய்த இரும்புச் சாமான் கடையில்கூட யாருக்கும் சொல்லவில்லை. ஏதோ அலுவலகத்துக்குப் போவதுபோல் புடவைக்குப் பொருத்தமான பையோடு டயாலிசிஸுக்குப் போய்வந்தேன். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, “பொட்டாசியம் ஏறிருச்சா டாக்டர்? அது ஏறுனா நெஞ்சு நின்னுருமாமே? அய்யோ, நிக்குமா நிக்காதா, சொல்லுங்க” என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டால் எப்படி இருக்கும்? நாற்காலியை மாற்றித் தரச் சொல்லி மிஸ்ஸியிடம் கேட்டேன். வேறு நாற்காலி காலியில்லை என்றார். அது அவர் காதிலும் விழுந்துவிட்டது.

“என் சத்தம் உனக்குத் தொந்தரவா இருக்குதா?” என்றார்.

நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

“எனக்கு உன்னைப் பார்த்தாதான் தங்கச்சி ரொம்பப் பயமா இருக்கு. ஊசி குத்துறாங்க, ஒரு ‘ஸ்’ கூட இல்ல. அந்த ‘ஸ்’ எல்லாம் எங்க போகுது?”

ஒரு நாள் பிற்பகலில் பெரிய மழை. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. ஏர்கான் நின்றது. பன்னிரண்டு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் பீப் பீப் என்று கத்தத் தொடங்கின. அரைகுறை வெளிச்சத்தில் என் கையிலிருந்து வெளியே போகும் குழாயைப் பார்த்தேன். உள்ளே கருஞ்சிவப்பாக என் ரத்தம். அது எனக்கு வெளியே இருந்தது. பன்னிரண்டு பேரும் செத்தவர்கள் மாதிரி கிடந்தோம். மூன்று மிஸ்ஸிகளும் இங்குமங்கும் ஓடினார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

“மிஸ்ஸி!” என்று அவர் கத்தினார். “எனக்குப் பயமா இருக்கு! என் ரத்தம் வெளிய நிக்குது! என்னா செய்யப் போறீங்கன்னு சத்தமா சொல்லுங்க!”

மலாய்க்கார மிஸ்ஸி நின்றார். அப்போதுதான் அவருக்கே மூச்சு வந்ததுபோல் இருந்தது. மலாயும் தமிழும் கலந்து உரக்கச் சொன்னார். மெஷினில் பேட்டரி இருக்கிறது, கொஞ்ச நேரம் ஓடும். ஓடாவிட்டால் பக்கத்தில் ஒரு கைப்பிடி உண்டு, அதைக் கையால் சுற்றி எல்லா ரத்தத்தையும் திருப்பி உள்ளே அனுப்பிவிடலாம். இதோ, இந்தக் கைப்பிடிதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒவ்வொருவராக வருகிறோம்.

அறை முழுக்க மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அவருடைய மெஷின்தான் முதலில் நின்றது. மிஸ்ஸி அவரிடம் ஓடி வந்தார். அவர் தலையை வேகமாக ஆட்டினார். “நான் அப்புறம். கடைசி நாற்காலியில அந்தச் சீன அங்கிளுக்கு மூச்சு வாங்குது பாருங்க, அங்க போங்க. நான் கத்திக்கிட்டே இருக்கேன். கத்துற வரைக்கும் நான் உயிரோட இருக்கேன்னு அர்த்தம்லா!”

அப்படியே செய்தார். மிஸ்ஸி கைப்பிடியைச் சுற்றிச் சீனக் கிழவரின் ரத்தத்தை உள்ளே அனுப்பும்வரை, “பயமா இருக்கு, பயமா இருக்கு” என்று பஜனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாயிலிருந்து சிரிப்பு வந்ததும் நானே திடுக்கிட்டேன். உடனே போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

அவருடைய மனைவி மெலிந்த, சிறிய உருவம். ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை. வேலை இல்லாத நாட்களில் கூடவே வருவார். “வீட்டுலயும் இப்படித்தானாக்கா?” என்று ஒரு முறை கேட்டேன்.

“வீட்டுலயா? கல்யாணத்தன்னிக்கே, ‘ஏ புள்ள, உன்னைக் காப்பாத்த முடியுமான்னு பயமா இருக்கு’ன்னு சொன்ன மனுஷன். என்னா ஆம்பளை இவருன்னு நான் அழுதேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆனா ஒண்ணு. இவருக்கு உள்ள என்னா ஓடுதுன்னு நான் ஒரு நாளும் தேடுனதில்ல.”

அந்தச் சொல் என்னை எங்கள் பழைய வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. அங்கே அம்மா எந்நேரமும் அப்பாவின் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருப்பாள்.

எனக்குப் பதினேழு வயதில் தோட்டம் கைமாறியது. லயத்து வரிசை வீடுகளை ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். நாங்கள் எட்டுப் பிள்ளைகள் அந்த வருடம் பள்ளி இறுதியான எஸ்.பி.எம். பரீட்சை எழுத இருந்தோம். கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அப்பாதான் அதிகம் பேசினார். “உடம்பைத் தின்னுட்டு எலும்பை வெளிய வீசறான். நான் கேக்கறேன், எவன் என்னை வெளிய தள்ளுவான்?” என்று முழங்கினார். கைதட்டல் எழுந்தது. எனக்குப் புல்லரித்தது.

மறுநாள் ஆறு பேர் மேனேஜரின் ஆபிஸுக்குப் போனார்கள். பயந்தாங்கொள்ளி எதற்கு என்று சிலர் தடுத்தும் அவரும் கூடப் போனார். போகும்போதே படியில் வாந்தி எடுத்துவிட்டாராம். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சன்னலுக்கு வெளியே நின்றோம்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, “என்ன வேண்டும்?” என்று மலாயில் கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். மேசை மேலிருந்த ஏதோ ஒரு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பேசுங்கப்பா, பேசுங்கப்பா என்று மனதுக்குள் கத்தினேன்.

அவர்தான் முன்னால் வந்தார். வாயோரம் இன்னும் துடைக்கவில்லை.

“துவான், எனக்கு உங்களைப் பார்த்தா பயம். பேசும்போது அழுதாலும் அழுவேன், மன்னிச்சிருங்க. இங்கே எட்டுப் பிள்ளைங்க பரீட்சை எழுதுறாங்க. இப்போ வீட்டைக் காலி பண்ணா அதுங்க படிப்பு போயிரும். வருஷக் கடைசி வரைக்கும் விடுங்க. அப்புறம் நாங்க போயிடறோம். இதைக் கேக்காம நான் போக மாட்டேன், துவான். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, ஆனா போக மாட்டேன்.”

அவருடைய உடைந்த மலாயில் சொல்லி முடிக்கும்போது சொன்னபடியே அழுதுவிட்டார். மேனேஜர் வெகுநேரம் அவரைப் பார்த்தார். மிரட்ட வந்தவர்களைச் சமாளிக்க அவருக்குத் தெரிந்திருக்கும். இப்படி ஒரு ஆளை என்ன செய்வது என்று தெரியவில்லை போலும். டிசம்பர் வரைக்கும் இருந்துகொள்ளலாம் என்றார்.

நாங்கள் பரீட்சை எழுதினோம். நான் தேறினேன். அந்தச் சான்றிதழால்தான் பட்டணத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அப்பா அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது யோசித்தால் அப்பாவின் மேல் கோபம் வரவில்லை. அவரும் பயந்தார். அதைச் சொல்ல அவருக்கு வாய் இல்லை, அவ்வளவுதான். அவர் மகள்தான் நானும்.

அது எனக்குத் தெரிய வந்தது டயாலிசிஸின் ஐந்தாவது மாதத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. செத்துப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. இன்று ஒரு நாள் வேண்டாம் என்று மட்டும் தோன்றியது. ஆயுள் முழுக்க இதுதான் என்று டாக்டர் அந்த வாரம் சாதாரணமாகச் சொல்லியிருந்தார். அந்தச் சொல் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மையத்துக்கு எங்களை ஏற்றிப்போகும் வேன்காரரிடம் கணவரின் காரில் போகிறேன் என்றேன். மையத்துக்குப் போன் போட்டு, ஊரில் இல்லை என்றேன். போர்டிக்சனில் வேலை முடிந்து வந்த கணவரிடம், போய்வந்துவிட்டேன் என்றேன். மூன்று பொய்யும் சுலபமாக வந்தன. சனி, ஞாயிறு போனது. கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. யாருக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேன் வந்து ஹாரன் அடித்தது. நான் சன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேனில் வந்திருந்த அவருக்கு, சர்க்கரைப் புண்ணால் வலது காலில் அப்போது பெரிய கட்டு. படி ஏற முடியாது. ஆனால் குரல் ஏறும்.

“தங்கச்சீ! கீழ வாலா! எனக்குப் பயமா இருக்கு!”

நான் அசையவில்லை.

“வெள்ளிக்கிழமை நீ வரல! இன்னிக்கும் இறங்கல! நீ செத்துப் போயிட்டியோன்னு எனக்குப் பயமா இருக்கு! உயிரோட இருந்தா ஒரு சத்தம் குடு!”

எதிர் வீட்டுச் சீன ஆன்ட்டி கதவைத் திறந்தார். கீழே மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஐந்து மாதமாக யாருக்கும் தெரியாமல் நான் மூடி வைத்திருந்ததை அந்த மனிதர் நான்கு மாடிக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் வாயை அடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் படி இறங்கினேன். இரண்டு மாடி இறங்குவதற்குள் மூச்சு நின்றுவிடும்போல் ஆகி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வேன்காரரும் சீன ஆன்ட்டியும்தான் என்னைத் தாங்கி இறக்கினார்கள்.

“ஏன் இப்படிக் கத்துறீங்க?” என்று கேட்டேன். அவ்வளவுதான் குரல் வந்தது.

என் கால்களைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. “அய்யோ. இவ்வளவு வீங்கிருச்சே. வேனை எடுங்கலா, சீக்கிரம்!”

வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு. என்னா பயம்?” என்றார்.

“ஒண்ணுமில்ல.”

“சொல்லு தங்கச்சி.”

சிவப்பு விளக்கில் வேன் நின்றது. எதிரே பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். “ஆயுசு முழுக்க இதுதானான்னு பயமா இருக்குண்ணே” என்றேன். நாற்பத்து மூன்று வயதில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து முதல் முறையாக வெளியே வந்தது. வந்ததும் அழுகையை நிறுத்த முடியவில்லை.

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். மருந்து கண்டுபிடிப்பார்கள், கடவுள் இருக்கிறார், இப்படி ஏதாவது.

“ஆமா, ஆயுசு முழுக்க இதுதான்” என்றார். “எனக்கும் அதே பயம்தான். தினமும் காலையில எந்திரிச்சதும் வந்துரும்.”

“அப்புறம் என்னா செய்வீங்க?”

“என்னா செய்யறது? பல்லு விளக்குவேன். வேன் வரும். ஏறுவேன். பயத்தைக் கூட்டிக்கிட்டே ஏறுவேன், அதை எங்க விட்டுட்டு வர்றது?”

அன்று என் ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர் அறிக்கையை இரண்டு முறை பார்த்தார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார். மாலையில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீ தைரியமா இருக்கியேன்னு நான் காட்டிக்கல” என்றார். ஒரே வீட்டில் ஐந்து மாதம் இரண்டு பேரும் இப்படி நடித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அந்த அண்ணனுடைய காலில் புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குப் பயமா இருக்கு, எப்படி வெட்டுவீங்கன்னு சொல்லுங்க, தெரிஞ்சுக்கிட்டே பயப்படறேன்” என்று கேட்டாராம். நானும் கணவரும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மூன்றாவது நாள். இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வலது பக்கம் துணி பாதியில் தட்டையாக இறங்கிவிட்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் சன்னலைப் பார்த்துப் பேசினேன்.

“தங்கச்சி” என்றார். “நான் இன்னும் பாக்கல. மிஸ்ஸி கட்டு மாத்துறப்போ கண்ணை மூடிக்கிறேன். எனக்குப் பயமா இருக்கு. நீயும் வா, சேர்ந்து பாப்போம்.”

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் துணியின் ஒரு நுனியைப் பிடித்துவிட்டார். மறு நுனியை நான் பிடிக்கக் காத்திருந்தார். பிடித்தேன். தூக்கினோம்.

அவர் “அய்யோ” என்றார். நானும் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கட்டுப் போட்ட அந்த மொண்ணையான முனையை இரண்டு பேரும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் அவர், “குட்டையா இருக்கு இல்ல?” என்றார். “இதுக்குக் கால்சட்டையை எப்படித் தைக்கிறது?” என்று கட்டிலருகில் நின்ற மனைவியைக் கேட்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் சக்கர நாற்காலியில் வந்தார். ஊசிக்கு அலறினார். வேனில் ஏற்றும்போது கீழே போட்டுவிடுவார்களோ என்று அலறினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, அன்று பிற்பகலே போய்விட்டார்.

மறுநாள் காலை கணவரோடு போனேன். பழைய தோட்டத்தை ஒட்டி இருக்கும் தாமான் குடியிருப்பில் அவர் வீடு. வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் செம்பனை வரிசைகள். எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது சின்ன மரங்கள் நட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் அவர் அசையாமல், ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தார். அந்தச் சத்தமின்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பழைய ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். கோயில் தலைவர் பெட்டியின் தலைமாட்டில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “வாழ்நாள் பூரா பயந்த மனுஷன். ஆனா பாருங்க, சாவுக்குப் பயப்படல. முகத்தைப் பாருங்க, எவ்வளவு அமைதி. தைரியமா போயிட்டாரு.”

பலர் தலையசைத்தார்கள். ஒரு பெண், “ஆமா, ஆமா” என்றாள்.

“யாரு சொன்னா?”

மனைவி எழுந்து நின்றார். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கூடாரம் அடங்கியது.

“கூட இருந்தது நான். பயந்துக்கிட்டேதான் போனாரு. செத்த பிறகு அவரைப் பத்திப் பொய் சொல்லாதீங்க.” புடவைத் தலைப்பை விலக்கி இடது மணிக்கட்டை நீட்டினார். நான்கு விரல்கள் அழுத்திய தடம் அங்கே ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது. “பாருங்க, எப்படிப் பிடிச்சாருன்னு. ‘ஏ புள்ள, எனக்குப் பயமா இருக்கு’ன்னாரு. ‘எனக்கும்தாங்க’ன்னு சொன்னேன். ‘அப்ப சரி’ன்னாரு. அவ்வளவுதான்.”

கோயில் தலைவர் வேறு பக்கம் பார்த்தார். நான் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மனைவியே என்னிடம் வந்தார்.

“இன்னிக்குப் புதன்கிழமை” என்றார். “உனக்கு இன்னிக்கு நாளாச்சே. மணி பதினொண்ணு ஆகுது.”

“மூணு மணிக்கு எடுக்கிறாங்களேக்கா. நான் இருக்கேன். நாளைக்குப் போய்க்கறேன்.”

“போ” என்றார். “உன் வீட்டு வாசல்ல வந்து கத்துறதுக்கு இனிமே ஆள் இல்ல. போ தங்கச்சி.”

போனேன். பன்னிரண்டரைக்கு ஊசி ஏறியது. பக்கத்து நாற்காலியில் புதிதாக ஒருவரைப் போட்டிருந்தார்கள். இறுக்கிய முகத்தோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி ஆனபோது, அங்கே தூக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன்.

“மிஸ்ஸி, எனக்குப் பயமா இருக்கு” என்று கூப்பிட்டேன். “கொஞ்ச நேரம் பக்கத்துல இருங்க.”

மிஸ்ஸி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.